கில்ட்: வாடகையா, சொந்தமா, ராயல் மைல் மலிவா?

ஸ்காட்லாந்தில் ஆண்கள் இடுப்பில் கட்டும், பின்பக்கம் மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடைதான் கில்ட். அதைக் கட்டிக்கொண்டு தினமும் அலுவலகம் போகிறவரைப் பார்ப்பது அரிது. கல்யாணம், பட்டமளிப்பு, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக ஜனவரி 25 பர்ன்ஸ் இரவு விருந்து, எடின்பரோவின் மர்ரேஃபீல்டு மைதானத்தில் ரக்பி என்று வருஷத்தில் சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களுக்கு எது கட்டுபடியாகும் என்பதுதான் கேள்வி.

முதலில் மலிவு. எடின்பரோவின் ராயல் மைல் நினைவுப்பொருள் கடைகளில் சில பத்து பவுண்டுக்கே கில்ட் தொங்கும். பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர். துணியை மிச்சம் பிடித்திருப்பார்கள், அதனால் பின்பக்க மடிப்புகளில் ஆழம் இருக்காது. நடந்தால் அசையாமல் சப்பென்று தொங்கும். பேண்ட் அளவைச் சொல்லி வாங்கினால் இன்னொரு சிக்கல்: கில்ட்டைத் தொப்புள் உயரத்தில் கட்ட வேண்டும், பேண்ட் நிற்பது அதற்குக் கீழே. கால்பந்துக்கு டார்ட்டன் ஆர்மி எனும் ஸ்காட்லாந்து ரசிகர் கூட்டத்தோடு சேர்ந்து பீர் சிந்திக் கூத்தடிக்க இது போதும். கல்யாணத்துக்கு வேண்டாம்.

வாடகைக்குச் சுமார் 100 பவுண்டு. ஜாக்கெட், வெயிஸ்ட்கோட், இடுப்பில் தொங்கும் ஸ்போரன் பை, கணுக்காலுக்கு மேல் நாடா சுற்றிக் கட்டும் ஷூ, காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ கத்தி எல்லாம் சேர்ந்தே வரும். குறை என்னவென்றால், கடைக்காரர் கையில் இருக்கிற டார்ட்டன்தான், அதாவது வண்ணக் கட்டம் போட்ட துணி வகைதான், உங்கள் டார்ட்டன். ஹைலேண்ட் கிரானைட், ஐல் ஆஃப் ஸ்கை மாதிரி யாரும் உடுத்தக்கூடியவைதான் அதிகம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டுமென்றால் அதுவே வசதி.

அளவெடுத்துத் தைப்பது வேறு உலகம். பாரம்பரியக் கணக்கு 8 கஜம், அதாவது ஏறக்குறைய 7.3 மீட்டர் கம்பளித் துணி. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டையான மடல்கள், மீதித் துணி முழுக்கப் பின்னால் மடிப்பாகிவிடும். மடிப்பதிலும் இரண்டு விதம். கட்டம் அறுபடாமல் மடித்தால், பின்னாலிருந்து பார்க்கும்போது மடிப்பே இல்லாததுபோல டார்ட்டன் தொடரும். ஒரே கோடு ஒவ்வொரு மடிப்பிலும் வரும்படி மடிப்பது படைப்பிரிவுகளின் வழக்கம். நடக்கும்போது உள்ளிருக்கும் நிறங்கள் பளிச்சென்று எட்டிப் பார்க்கும். என் ஓட்டு இதற்குத்தான். கீழே மடித்துத் தைக்க மாட்டார்கள், துணியின் கரையே விளிம்பு. மண்டியிட்டால் அது தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கையால் தைத்தால் கில்ட்டுக்கு மட்டுமே 500 பவுண்டு தாண்டும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் பக்கிள்களை நகர்த்தித் தைத்தால் அப்பாவுடையது மகனுக்கும் ஆகும். ஐந்தாறு கல்யாண வாடகையில் கில்ட்டின் விலை வந்துவிடும், சரி. ஜாக்கெட்டும் ஷூவும் தனிச் செலவு என்பதை மறக்க வேண்டாம்.

“எனக்கு எந்தக் குலமும் இல்லையே, எந்த டார்ட்டன் உடுத்துவது?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவ்வளவு தயக்கம் தேவையில்லை, குல டார்ட்டன் என்ற ஏற்பாடே அவ்வளவு பழையதல்ல. 1746 சட்டம் படைவீரர் தவிர மற்ற ஆண்களுக்கு ஹைலேண்ட் எனும் வடக்கு மலைநாட்டு உடையைத் தடை செய்தது. 1782-இல்தான் அது நீங்கியது. 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்ட்டனில் நிறுத்தினார். குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாடு உறுதிப்பட்டது அந்தக் காலத்தில்தான். பழைய ஏட்டிலிருந்து எடுத்ததாகச் சொல்லி சோபியெஸ்கி ஸ்டூவர்ட் சகோதரர்கள் 1842-இல் வெளியிட்ட டார்ட்டன் நூல் போலி என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்த கட்டங்கள் பல இன்றும் குல டார்ட்டன்களாகவே விற்கின்றன! 2009 முதல் அரசுப் பதிவேடு இருக்கிறது, யாரும் புது டார்ட்டன் பதியலாம். பால்மோரல் மட்டும் அரச குடும்பத்துக்கு, அதைத் தொடாதீர்கள். பிளாக் வாட்ச் படைப்பிரிவின் டார்ட்டன், ராயல் ஸ்டூவர்ட், வாழும் ஊரின் வட்டார டார்ட்டன் எதுவானாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு கல்யாணம் என்றால் வாடகை. அங்கேயே குடியிருந்து அடிக்கடி அழைப்பு வருகிறதென்றால், முதலில் பழைய கில்ட் விற்கும் கடைகளைப் பாருங்கள். நல்ல கம்பளிக் கில்ட் புதியதைவிட வெகு குறைவாகவே கிடைக்கும். வாங்கும் முன் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள், பூச்சி அரித்த ஓட்டைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். தோல் வார் விரிசல் விட்டிருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம்.