கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு போமன் (கார் மெக்கானிக்): பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் மாத்தின அனுபவம்

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போட மாட்டேன். அவரு தனி ஆளு, கூட ஒரு பையன், லிஃப்ட் ஒன்னே ஒன்னு. இங்க பேரப் போட்டு நாளைக்கு பத்து காடி வந்து நின்னா அப்புறம் என் காடிய யாரு பார்ப்பா? செந்தூல்ல இருந்து ஜாலான் ஈப்போ போற வழியில ஒரு கடை வரிசைக்குப் பின்னால சந்துல இருக்கு, அந்தப் பக்கம் ஆளுங்களுக்கு இதுவே போதும்.

நான் அங்க போனதுக்கு காரணம் கெந்திங் மலை. டிசம்பர் ஸ்கூல் லீவுல பிள்ளைங்கள கூட்டிட்டு போனோம். காடி பெரோடுவா மைவி கார், 2018-ல புதுசா எடுத்தது, ஆட்டோ, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஏறும்போது ஒன்னும் தெரியல. எறங்கும்போது நல்ல மழை, முன்னால ஒரு பஸ் ஊர்ந்து போகுது, நான் பாட்டுக்கு கியர டி-லயே விட்டுட்டு கால பிரேக்குல வச்ச மேனிக்கு வந்துட்டு இருந்தேன், மலை வழியில இருக்கிற கோத்தோங் ஜெயா நெருங்குற நேரம் பெடல மிதிக்கிறேன், பஞ்சு மாதிரி உள்ள போகுது. அடி வரைக்கும் போயிருச்சு. பின் சீட்ல மாமியாரு முருகா முருகான்னு ஆரம்பிச்சுட்டாங்க. நாலஞ்சு தடவ விட்டு விட்டு மிதிச்சு, கியர கீழ தட்டி, ஹேண்ட்பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து எப்படியோ ஓரமா நிறுத்தினேன். கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

இதுல என்ன கொடுமைன்னா, முக்கா மணி நேரம் கழிச்சு மிதிச்சா பெடல் பழையபடி கெட்டியா இருக்கு! ஒன்னுமே நடக்காத மாதிரி. வீடு வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வந்தேன், ஒரு கோளாறும் இல்ல. மறுநாள் நான் வழக்கமா சர்வீஸ் போடுற எடத்துக்கு போனேன் (பேரு வேண்டாம், ஏர்கான் ரூம் இருக்கும், காப்பி மெஷின் இருக்கும், அந்த மாதிரி எடம்), அவங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு பிரேக் நல்லாத்தான் இருக்கு சார், வேணும்னா பிரேக் பேட் நாலும் மாத்திடலாம்னு சொன்னாங்க. நல்லா இருந்தா ஏன்யா மாத்தணும்? ஆபீஸ்ல கூட வேல செய்யிற தம்பிதான் இந்த அண்ணன் கிட்ட காட்டுங்கன்னு சொன்னான்.

அண்ணன் காடியத் தொடவே இல்ல, மொதல்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "பெடல் கல்லு மாதிரி இருந்து காடி நிக்கலையா, இல்ல பெடலே மெத்துன்னு உள்ள போச்சா?" உள்ள போச்சுண்ணேன்னேன். "அப்ப பேட் இல்ல, பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு"ன்னாரு. கல்லு மாதிரி இருந்து நிக்கலன்னா பேட் சூடாகி பிடிப்பு போச்சுன்னு அர்த்தமாம், மெத்துன்னு போனா பிரேக் ஆயில் போற குழாய்க்குள்ள ஆவி. இத ஏன் நான் இவ்வளவு நாளா தெரிஞ்சுக்கலன்னு எனக்கே வெக்கமா போச்சு.

விஷயம் என்னன்னா பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், அது அதோட குணம். ரப்பர் ஹோஸ் வழியா, பிரேக் ஆயில் டேங்க் மூடி வழியா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேர்ந்துட்டே இருக்கும், நம்ம ஊரு புழுக்கத்துக்கு கேக்கவே வேணாம். டாட் 3, டாட் 4-ன்னு பிரேக் ஆயில்ல தரம் இருக்கு; டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு ஸ்டாண்டர்டு, அதுல தண்ணி 3.7 சதவீதம் சேர்ந்த நெலையில அதே அளவு 155 டிகிரிக்கு எறங்கிடும். டாட் 3 இன்னும் மோசம், 205 எங்க, 140 எங்க. மலை எறக்கத்துல காலை எடுக்காம மிதிச்சா அந்த சூடு கேலிப்பர் (டயருகிட்ட பேட அமுக்குற பாகம்) பக்கம் வந்துரும், உள்ள கொதிச்சு ஆவி ஆயிடும், ஆயில அமுக்க முடியாது ஆனா ஆவிய அமுக்கலாம், அதான் பெடல் பள்ளத்துல விழுந்த மாதிரி போகுது. ஆறிட்டா ஆவி திரும்ப தண்ணியாயிடும், பெடல் கெட்டியாயிடும். அதனாலதான் ஏர்கான் ரூம் ஆளுங்க ஓட்டும்போது ஒன்னும் தெரியல, செந்தூல் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சா எப்படித் தெரியும்.

எப்ப மாத்தினீங்கன்னு கேட்டாரு. டேஷ்போர்டுல இருந்த ரசீத எல்லாம் எடுத்துப் பார்த்தோம். எஞ்சின் ஆயில், ஃபில்டர், ஏர்கான் கிளீனிங், கூலன்ட் (எஞ்சின் சூட்ட தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துறது) ஃப்ளஷ் ரெண்டு தடவ, அதுல ஒன்னு 150 வெள்ளி (ரிங்கிட்). பிரேக் ஆயில் ஒரு ரசீதுலயும் இல்ல. ஏழு வருஷம் அதே ஆயில்ல ஓட்டியிருக்கேன். தப்பு என் மேலயும்தான், சர்வீஸ் புத்தகம் காடியிலயே கெடந்துச்சு, தொறந்து பார்த்தது இல்ல.

அண்ணன் கிட்ட பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கு, பிரேக் டேங்க்ல முனைய விட்டா லைட்டு எரியும். செவப்பு எரிஞ்சுது. ஆனா அவரே சொன்னாரு, இத முழுசா நம்பாத, இது மேல டேங்க்ல இருக்கிறத மட்டும் பார்க்குது, சூடாகுற எடம் கீழ டயருகிட்ட, அங்க இதவிட மோசமா இருக்கலாம், ஆயில் கலரையும் நம்பாத, வருஷத்த பாரு. பொதுவா ரெண்டு வருஷம் இல்லன்னா 40,000 கிலோமீட்டர், எது மொதல்ல வருதோ அது. ஹோண்டா மாதிரி சில கம்பெனி மூணு வருஷம்னு போட்டிருப்பாங்க. காடி ஓடாம போர்ச்சுலயே நின்னாலும் கணக்கு ஓடிட்டுத்தான் இருக்கும்.

மாத்தினத பக்கத்துல நின்னு பார்த்தேன், பையன் லீவுல போனதால நான்தான் பெடல் மிதிக்கிற ஆளு. மொதல்ல டேங்க்ல இருந்த பழச சிரிஞ்சுல உறிஞ்சி எடுத்துட்டு புதுச ஊத்தினாரு, அப்புறம் மாஸ்டர் பம்புக்கு (பெடல மிதிச்சா ஆயில தள்ளுற பம்பு) தூரமா இருக்கிற டயர்ல ஆரம்பிச்சாரு, நம்ம ரைட் ஹேண்ட் காடிக்கு அது பின்னால இடது பக்கம். ஆயில் வெளிய விடுற நிப்பிள்ல கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு டியூப்ப மாட்டி இன்னொரு முனைய மினரல் வாட்டர் போத்தல்ல விட்டு, "மிதி... மிதி... பிடி!"ன்னு சத்தம் போடுவாரு, நான் பிடிச்சுட்டு இருக்கும்போது நட்ட கால் சுத்து லூஸ் பண்ணுவாரு, ஆயில் வரும், இறுக்குவாரு, "விடு!" மொதல்ல வந்தது அசல் கோப்பி ஓ, பால் இல்லாத கறுப்புக் காப்பி. ஏழெட்டு தடவைக்கு அப்புறம் தே ஓ (பால் இல்லாத தேத்தண்ணி) மாதிரி, அப்புறம் சீனித் தண்ணி மாதிரி தெளிவா வந்துச்சு. நடுவுல எல்லாம் டேங்க் காலியாகாம ஊத்திட்டே இருக்கணும், காத்து உள்ள போனா மறுபடி மொதல்ல இருந்து. பெடல அடி வரைக்கும் மிதிக்காதன்னு அடியில ஒரு சின்ன கட்டைய வேற வச்சாரு, பழைய காடியில பம்பு உள்ள இருக்கிற ரப்பர் எப்பவும் போகாத எடத்துக்குப் போனா கிழிஞ்சிடுமாம். நாலு டயருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் டாட் 4, சீல் உடைக்காத போத்தல், என் கண்ணு முன்னாடிதான் உடைச்சாரு. மிச்சம் கொஞ்சம் இருந்துச்சு, வீட்டுக்கு எடுத்துட்டு போகட்டுமான்னு கேட்டதுக்கு "தொறந்த போத்தல் அலமாரியில இருந்தாலும் தண்ணி குடிக்கும் தம்பி"ன்னு வேஸ்ட் டிரம்ல ஊத்திட்டாரு. ஃபெண்டர்ல ஒரு சொட்டு விழுந்துச்சு, உடனே தண்ணி ஊத்தி கழுவினாரு, பெயிண்ட தின்னுடுமாம்.

பிரேக் ஆயில் லெவல் குறைஞ்சா டாப்-அப் பண்ணுறது பத்தியும் ஒரு ஏச்சு வாங்கினேன். பேட் தேய தேய டேங்க்ல லெவல் எறங்கும், அது சும்மா ஊத்தி நிரப்புறதுக்கு இல்ல, பேட பாருன்னு சொல்ற அடையாளம். பேட் தேயாமலே எறங்கினா எங்கயோ ஒழுகுது. இன்னொன்னு, டாட் 3 காடிக்கு டாட் 4 ஊத்தலாம், 5.1-உம் அந்த வகைதான், ஆனா வெறும் 5-னு போட்டிருந்தா அது சிலிகான், கிட்டயே போகாதீங்க.

இனி கூலன்ட். இங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. ரசீது படி கடைசி ஃப்ளஷ் எட்டு மாசம் முன்னாடி, அதனால இது ஓகேன்னு நெனச்சேன். சைடுல இருக்கிற ரிசர்வ் டேங்க்ல பளபளன்னு பச்சை. எஞ்சின் நல்லா ஆறினதுக்கு அப்புறம் அண்ணன் ரேடியேட்டர் மூடியத் தொறந்து எட்டிப் பாருன்னாரு, உள்ள துருத் தண்ணி. ரிசர்வ் டேங்க மட்டும் காலி பண்ணி கலரா ஊத்திட்டு 150 வெள்ளி வாங்கியிருக்காங்க! ஏர்கான் ரூம்ல உக்காந்து காப்பி குடிச்சா இப்படித்தான். இனிமே நீங்க கூலன்ட் மாத்தினா டேங்க் கலரப் பார்த்து சந்தோஷப்படாதீங்க, மறுநாள் காலையில எஞ்சின் சில்லுன்னு இருக்கும்போது ரேடியேட்டர் மூடியத் தொறந்து பாருங்க. சூடா இருக்கும்போது மட்டும் தொறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துரும்.

பலரும் கேக்குற கேள்வி, நம்ம ஊருல பனியா கொட்டுது, பைப் தண்ணி ஊத்தினா என்னன்னு. என் அப்பா பழைய புரோட்டான் சாகா காருக்கு வருஷக் கணக்கா பைப் தண்ணிதான் ஊத்தினாரு, கடைசியில வாட்டர் பம்பும் போச்சு, ரேடியேட்டரும் போச்சு. கூலன்ட்ல நமக்கு வேண்டியது உறையாம இருக்கிறது இல்ல, துருப்பிடிக்காம காக்கிற மருந்தும் கொதிநிலைய ஏத்துறதும்தான். வருஷம் போகப் போக அந்த மருந்து தீர்ந்துடும், கலர் மட்டும் அப்படியே இருக்கும். கலர் எல்லாம் கம்பெனி போடுற சாயம், பச்சைன்னா இந்த வகை செவப்புன்னா அந்த வகைன்னு எந்தச் சட்டமும் இல்ல, வேற வேற வகைய கலந்தா கூழாகி அடைச்சாலும் அடைக்கும். பழைய வகை ரெண்டு வருஷம். லாங் லைஃப் வகை ரொம்ப நாள் ஓடும், டொயோட்டாவோட பிங்க் கலரு மொதல் தடவ 160,000 கிலோமீட்டர், அதுக்கப்புறம் 80,000-க்கு ஒரு தடவன்னு கணக்கு. அதனால வருஷா வருஷம் ஃப்ளஷ் பண்ணுங்கன்னு சொல்றவன் கிட்ட ஏன்னு கேளுங்க.

இவரு கீழ டிரெய்ன் பண்ணி, வடிகட்டின தண்ணி விட்டு எஞ்சின ஓட்டி, தெளிவா வர வரைக்கும் மூணு தடவ கழுவினாரு. கடைசியா கூலன்ட் ஊத்தி மூடியத் தொறந்து வச்சு ஃபேன் ரெண்டு தடவ சுத்துற வரைக்கும் விட்டாரு, பொளக் பொளக்னு காத்து வெளிய வந்துச்சு. அப்புறம் ஒரு சொட்ட எடுத்து சின்ன கருவி கண்ணாடியில வச்சு வெளிச்சத்துல என்னையே பார்க்கச் சொன்னாரு, கோடு கூலன்ட் பாதி தண்ணி பாதிங்கிற அளவு கிட்ட நின்னுச்சு. தரையில சிந்தினத உடனே கழுவினாரு, அது இனிப்பா இருக்குமாம், சந்துல சுத்துற பூனைங்க நக்கினா செத்துடும்.

காசு: பிரேக் ஆயில் 70, கூலன்ட் 110, ரேடியேட்டர் மூடி ரப்பர் வெடிச்சு இருந்ததால புது மூடி 25, மொத்தம் 205 வெள்ளி. போன மாசம் தங்கச்சி காடிய கொண்டு போனேன், மாத்தி ஒரு வருஷம்தான் ஆச்சு, டெஸ்டர விட்டுப் பார்த்துட்டு "அடுத்த வருஷம் வாங்கம்மா"ன்னு அனுப்பிட்டாரு, அதுக்கு காசும் வாங்கல. நான் அவர்கிட்டயே போறதுக்கு இது ஒன்னு போதும்.

குறையும் இருக்கு. போன எடுக்க மாட்டாரு. ஒன்பது மணின்னா பத்தரைக்குத்தான் கதவே தொறக்கும், நான் மூணு மணி நேரம் நின்னேன், உக்கார ஒரு பழைய வேன் சீட்டு, அதுலயும் பூனை படுத்திருக்கும். ரசீது கேட்டா சிகரெட் அட்டையில எழுதித் தருவாரு, காடிய விக்கும்போது சர்வீஸ் ரெக்கார்டு காட்ட வேண்டியவங்களுக்கு இது சரிப்படாது. வாரண்டி இருக்கிற புதுக் காடிய இங்க கொண்டு வராதீங்க, கம்பெனி சென்டர்லயே போடுங்க, ஆனா பிரேக் ஆயில்னு ரசீதுல தனியா எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. நான் அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், பாதி ஸ்டார் போனுக்கு, பாதி அந்த சீட்டுக்கு.

போறதுன்னா வார நாள்ல போங்க. தைப்பூசம் நெருங்கினா போகவே போகாதீங்க, ரதம் போற ரோடு அடைச்சிருப்பாங்க, அண்ணனும் அந்த ரெண்டு மூணு நாளு பத்துமலை தண்ணீர்ப் பந்தல்ல மோர் ஊத்திட்டு இருப்பாரு.