80 பக்கச் சதுர றூள் கொப்பி: கணிதத்துக்கு அல்ல, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க

பள்ளிப் பிள்ளைகள் கணிதத்துக்கு வாங்குகிற அதே கொப்பிதான். கிளிநொச்சியில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், விலை ஒரு கொத்துரொட்டிக் காசுக்கும் கீழே. அன்றைய நேரம் எங்கே போனது, யாருக்குப் போனது என்று பார்க்க இதைப் பாவிக்கிறேன். அதுவும் விளக்கு வைத்துத் தேவாரம் பாடி முடித்த கையோடு, வழிபாட்டின் ஒரு பகுதியாக. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சாமானை நான் காணவில்லை.

நாளுக்கு ஒரு பக்கம், ஒரு கட்டம் அரை மணி. வரிசைக்கு ஆறு கட்டமாக எட்டு வரிசை, ஆக 48. ஒரு வரிசை மூன்று மணித்தியாலம், பழைய கணக்கில் ஒரு சாமம். நித்திரைக்கு நி, வயலுக்கு வ, அம்மாவோடு இருந்ததற்கு அ, போனுக்குப் போ, இப்படி ஓரெழுத்து போதும். விலை கூடிய டயறிகள் சிலவற்றில் காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான் கோடு இருக்கும். காலபோக நெல் கதிர் தள்ளுகிற நேரம் பன்றிக்கும் யானைக்கும் இரவிரவாகக் காவலிருக்கிறவர் தன்னுடைய நடுச்சாமத்தை அதில் எங்கே எழுதுவார்?

போனும்தான் கணக்குக் காட்டுகிறது. ஆனால் அதற்குத் தெரிந்தது எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடியது என்பது மட்டும். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றபடி வெளிநாட்டிலுள்ள தங்கச்சியோடு கதைத்த அரை மணியும், படுக்கையில் கிடந்து யாரோ ஒருவரின் வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்த அரை மணியும் அதற்கு வெறும் நிமிடக் கணக்குதான். கொப்பியில் முதலாவதற்குத் த, மற்றதற்குப் போ. எழுதுகிற கைக்கு வித்தியாசம் தெரியும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளின் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஆறாவது வரிசையில் மூன்று கட்டம் தொடர்ந்து அ. அம்மாவோடு விறாந்தையில் இருந்து சுளகில் பயறு பார்த்த நேரம் அது, கதைகூட அதிகம் இல்லை. வேலைத்திறன் பேசுகிறவர்கள் இதை வீணான நேரம் என்பார்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் நிறைவாக இருப்பது அந்த மூன்றும்தான். அதற்குக் கீழே இரண்டு கட்டம் வெறுமை, என்ன செய்தேன் என்று நினைவே வரவில்லை. அப்படி வந்தால் வெறுமையாகவே விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்பினால் இந்தப் பழக்கத்துக்கே அர்த்தம் போய்விடும்.

மடு மாதா கோயில் பக்கத்துக் கத்தோலிக்க நண்பர்களுக்கு இது புதிதாக இராது. அவர்களுடைய ஆத்தும சோதனை இதற்கு நெருங்கிய உறவு. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் மத்தியானமும் இரவும் நாளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னவர், அதையும் நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்றவர். எங்கள் சைவப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி இருக்கிறார். துறவுக்கு முன் அவர் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர், வரவும் செலவும் மிச்சமும் எழுதுகிற உத்தியோகம். அவருடைய குரு செல்லப்பா சுவாமியின் வாக்கு "எப்பவோ முடிந்த காரியம்". கொப்பியைத் திறக்கும்போது நான் இதைச் சொல்லிக்கொள்வேன், ஏனென்றால் பயந்து பயந்து கணக்குப் பார்த்தால் அது வழிபாடாக இராது, வட்டிக்காரனுக்குப் பதில் சொல்வது போலாகிவிடும்.

சரி, குறைகள். தாள் மெல்லிசு. ஜெல் பேனை மறுபக்கம் ஊறும், குமிழ்முனைப் பேனைதான் சரி. கார்த்திகை மார்கழி ஈரத்தில் தாள் பதம் பிடித்து எழுத்து பரவும், நடுவிலுள்ள கம்பி துருவேறினால் நடுத்தாள் கழன்று கையோடு வரும். நான் ஊசிநூலால் தைத்துக்கொள்கிறேன். கட்டக் கோடுகளும் மங்கல், கரண்ட் போன இரவுகளில் கண்ணுக்குச் சிரமம். 200 பக்கக் கொப்பி வாங்காதீர்கள், பாரம் கூட, முடியவும் மாட்டாது.

இன்னொன்று, பெற்றோருக்கு. சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுத்து இரவில் பக்கத்தைக் காட்டு என்று கேட்காதீர்கள். மற்றவர் பார்ப்பார் என்று தெரிந்தால் பிள்ளை உங்களுக்காகத்தான் எழுதும். கொப்பியைக் கொடுங்கள், பிறகு அது எங்கே இருக்கிறது என்றும் தேடவேண்டாம்.