டிரிப் ஆகும் குளத்துப் பம்ப்: பிரேக்கரா, பேரிங்கா, புது மோட்டாரா?

நீச்சல் குளத்துப் பம்ப்பைப் போட்டதும் பிரேக்கர் இறங்கிவிட்டால், பெரும்பாலானோர் முதலில் வாங்கி வருவது புதுப் பிரேக்கரைத்தான். இருப்பதிலேயே மலிவானது, மாற்றுவதும் பத்து நிமிட வேலை. ஆனால் பிரேக்கரே குற்றவாளியாக இருப்பது குறைவு. பெரும்பாலும் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மாற்றலாம், தண்ணீர் மோட்டார் பக்கம் வராமல் தடுக்கும் சீலும் பேரிங்கும் போடலாம், காயில் கட்டலாம் (ரீவைண்டிங்), மோட்டாரையே மாற்றலாம், வேகம் மாற்றும் புதுப் பம்ப் வாங்கலாம். இதில் எது சரி என்பது இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். இறங்கியது எம்சிபியா (அதிகக் கரன்ட்டுக்கு இறங்கும் பிரேக்கர்), ஆர்சிசிபியா (கசிவுக்கு இறங்கும் பிரேக்கர்)? போட்ட எத்தனை வினாடியில் இறங்கியது?

ஆர்சிசிபி இறங்கினால் கரன்ட் ஏர்த்துக்குக் கசிகிறது. எம்சிபி இறங்கினால் லைன் அதிகக் கரன்ட் இழுக்கிறது. சுவிட்சைத் தட்டிய கணமே இறங்கினால் ஷார்ட், அல்லது பிரேக்கரின் வகை பொருந்தவில்லை. சில வினாடி உறுமிவிட்டு இறங்கினால் மோட்டார் சுழலவே இல்லை. இருபது நிமிடம் ஓடி இறங்கினால் எங்கோ சூடு ஏறுகிறது. மோட்டார் தானாக நின்று, ஆறியபின் தானாகவே கிளம்புகிறது, பிரேக்கர் அசையவில்லை என்றால் அது மோட்டாருக்குள் இருக்கும் ஓவர்லோடு சுவிட்ச், சூடானால் நிறுத்துவது. அது வேறு கதை.

எதையும் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, மோட்டார் டெர்மினல் பெட்டியில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். பிறகு பிரேக்கரைப் போடுங்கள். அப்போதும் இறங்கினால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். கோளாறு கேபிளில், டைமரில், அல்லது அதே லைனில் இருக்கும் குளோரினேட்டரிலோ ஹீட்டரிலோ இருக்கிறது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்றால் 15 முதல் 30-க்குள் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். நான்கு சாதனங்கள் ஆளுக்கு ஐந்து மில்லிஆம்பியர் கசியவிட்டாலே போதும், பழி பம்ப்பின் மேல் விழும். டெர்மினல் பெட்டியைத் திறந்தவுடன் எறும்புக் கூடும் ஈர மண்ணும் தெரிந்தால், சுத்தம் செய்து ரப்பர் கேஸ்கெட் மாற்றியதோடு வேலை முடிந்துவிடவும் கூடும்.

புதுப் பிரேக்கர் எப்போது சரி?

ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும்போது ஆறு மடங்கு, அதாவது 60 ஆம்பியர் இழுக்கும். பி வகை 16 ஆம்பியர் பிரேக்கர் 48-லிருந்து 80-க்குள் உடனடியாக இறங்கும். சி வகை 80 வரை பொறுக்கும், 80-லிருந்து 160-க்குள்தான் உடனடியாக இறங்கும். ஆகவே பி இருந்த இடத்தில் அதே 16 ஆம்பியரில் சி போட்டால் தீர்ந்துவிடும். இன்னொரு இடம்: ஒரே ஒரு வயரை மட்டும் கிளாம்ப் மீட்டருக்குள் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளப்பது) விட்டுப் பார்க்கிறீர்கள், மோட்டார் தகட்டில் எழுதிய அளவுக்குள்தான் எடுக்கிறது, ஆனாலும் அரை மணியில் இறங்குகிறது. பிரேக்கர் டெர்மினலைப் பாருங்கள். திருகு தளர்ந்து பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அந்தச் சூடுதான் உள்ளே இருக்கும் பைமெட்டல் தகட்டை வளைத்துப் பிரேக்கரை இறக்குகிறது. கருகிய வயர் நுனியை வெட்டி, புதிதாக உரித்து, புதுப் பிரேக்கரில் இறுக்குங்கள்.

16-ஐ எடுத்துவிட்டு 32 போடுவது தீர்வே அல்ல. வயர் பழையதுதானே, அடுத்து உருகப்போவது அதுதான். ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடியாக இணைப்பதோ, தண்ணீரில் இருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

உறுமுகிறது, சுழலவில்லை

மெயினை அணைத்துவிட்டு, மோட்டாரின் பின்பக்கம் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். முறுக்கினாலும் அசையவில்லை என்றால் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் கல்லோ விதையோ சிக்கியிருக்கிறது.

கெப்பாசிட்டரைத் தொடுமுன் 20 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு முனைகளிலும் ஐந்து வினாடி பிடித்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். ரன் கெப்பாசிட்டரில் 25 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்து மீட்டர் 22-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். தலை உப்பியிருந்தால் அளக்கவே தேவையில்லை. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல்; வழக்கமாக 450 வோல்ட். "கொஞ்சம் பெரிசா போட்டா நல்லா இழுக்கும்" என்று சொல்வார்கள். ஸ்டார்டிங் காயில் சூடேறிக் கருகும், அவ்வளவுதான். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் கெப்பாசிட்டர் மாற்றுவதற்கு இணையான வேலை இந்தப் பட்டியலில் கிடையாது.

இன்னொன்று: பம்ப்பின் குப்பை பிடிக்கும் கூடையோ ஃபில்டரோ அடைத்துக்கொண்டால் பம்ப் ஓவர்லோடு ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். குளத்தில் இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் (இம்பெல்லர் சுழன்று தள்ளும் வகை) நடப்பது நேர்மாறு. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் ஆம்பியரும் குறையும். அடைப்பினால் கெடுவது மெக்கானிக்கல் சீல். தண்ணீரில்லாமல் காய்ந்து ஓடினால் தேய்ந்துபோகும்.

சீலும் பேரிங்குமா, காயில் கட்டுவதா, புது மோட்டாரா?

பம்ப் தலைக்கும் மோட்டாருக்கும் நடுவே, அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரமும், காய்ந்த வெள்ளை உப்புக் கோடும், துரு வழிந்த தடமும் இருந்தால் சீல் கசிகிறது. அந்த நீர் ஷாஃப்ட் வழியாக முன் பேரிங்குக்குள் போகிறது. முதலில் கிறீச்சென்ற சத்தம், பிறகு ஆம்பியர் ஏற்றம், கடைசியில் இறுகல். ஈரம் காயிலை எட்டிவிட்டால் ஆர்சிசிபியும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே தீர்ப்புச் சொல்வது மெகர், அதாவது இன்சுலேஷனை அதிக வோல்டேஜில் சோதிக்கும் மீட்டர். எல்லா இணைப்புகளையும் கழற்றி, காயிலுக்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் அளக்க வேண்டும். மல்டிமீட்டர் தன் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு "நல்லாருக்கு" என்று சொல்லிவிடும், நம்ப வேண்டாம். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் ஓட்டக்கூடாது. ஒரு நாள் வெயிலிலோ மிதமான சூட்டிலோ உலர்த்தி மறுபடி அளந்து, மதிப்பு நன்றாக ஏறினால் ஈரம்தான். ஏறவே இல்லையென்றால் இன்சுலேஷன் போய்விட்டது.

மெகர் பத்து, நூறு மெகாஓம் என்று காட்டினால் சீலும் இரண்டு பேரிங்கும் மாற்றுவதே சரியான வழி. பேரிங் எண் அதன் மேலேயே இருக்கும், பல மோட்டார்களில் 6203. இருபக்கமும் ரப்பர் மூடிய வகையை வாங்குங்கள். புல்லரால் கழற்றி, ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தட்டி இறக்குங்கள். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டுகள் பதிந்து, புதிதிலேயே சத்தம் வரும். சீலின் கார்பன், செராமிக் முகங்களில் விரல் எண்ணெய்கூடப் படக்கூடாது. ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் வேண்டாம். பேரிங்கை மட்டும் மாற்றிச் சீலை விட்டவர்களுக்குச் சில மாதங்களில் அதே வேலை மறுபடி காத்திருக்கும்.

காயில் கருகியிருந்தால்? 1, 1.5 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ரீவைண்டிங் கூலியோடு பேரிங், சீல், கெப்பாசிட்டரைக் கூட்டிப் பார்த்தால் புது மோட்டாரை நெருங்கிவிடும். வார்னிஷ் சரியாக ஊற்றிச் சுடாத வேலை ஈரமான இடத்தில் நிற்காது. பெரிய த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு ரீவைண்டிங் ஓகே. சின்னதற்குப் புது மோட்டார்தான்.

வேகம் மாற்றும் பம்ப்

பாதி வேகத்தில் ஓட்டினால், குழாய் உராய்வே பெரும்பங்கு சுமையாக உள்ள குளத்தில், மின்சாரம் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காக இறங்கும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் லாபம். மெதுவாகக் கிளம்புவதால் அந்த ஆறு மடங்கு இழுவையும் இல்லை. தினமும் எட்டு, பத்து மணி நேரம் ஓடும் குளம், மோட்டாரும் போய்விட்டது என்றால் யோசிக்காமல் இதற்குப் போகலாம். ஆனால் ஆர்சிசிபி தொல்லைக்கு மருந்தாக இதை வாங்காதீர்கள். வேகத்தை மாற்றும் டிரைவில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் தாமே கொஞ்சம் ஏர்த்துக்குக் கசியவிடும். பழைய ஏசி வகை ஆர்சிசிபி (சாதாரண மாறுமின் கசிவை மட்டும் உணர்வது) இதற்குப் பொருந்தாது. கையேட்டில் ஏ, எஃப், பி என்று எந்த வகை ஆர்சிசிபி கேட்டிருக்கிறதோ (எம்சிபியின் பி வகை வேறு) அதைத் தனி லைனில் போடுங்கள்.

சாதாரணப் புது மோட்டார் போட்டும் கிளம்பும்போது திணறி இறங்குகிறது என்றால் கேபிளை அளக்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 40 மீட்டர் தூரம். போக வர 80 மீட்டர், ஏறக்குறைய 0.59 ஓம். 60 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 35 வோல்ட் வயரிலேயே போய்விடும். 230-ல் மோட்டாருக்குக் கிடைப்பது 195; கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 72 சதவீதம். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. இழுத்தால் 208 வோல்ட், 82 சதவீதம்.