'எங்கே போனாலும் கவர் ஆகும்' என்று விற்கப்படும் கேமரா பாலிசி: டெல்டா ஸ்டுடியோக்காரர்கள் கவனத்துக்கு

மன்னார்குடி பக்கம் கல்யாண வேலை செய்யும் ஒரு ஸ்டுடியோவுக்கு நடந்தது இது. ஆவணி முகூர்த்தம். தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளை அறையில் வைத்த பையைக் காணோம். உள்ளே ஒரு கேமரா பாடி, 24-70, 70-200 லென்ஸ்கள், இரண்டு ஃபிளாஷ். இன்சூரன்ஸ் இருந்தது, பிரீமியமும் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். ஆனாலும் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

மறுப்புக் கடிதத்தில் இரண்டே காரணம். பொருள் பாலிசியில் எழுதிய முகவரியில் இல்லை. அறைக்குள் யாரும் பூட்டை உடைத்து நுழையவில்லை. "எங்க கொண்டு போனாலும் கவர் ஆகும்ணே" என்று சொல்லி ஏஜென்ட் விற்றது கடைக்காரர்களுக்கான பேக்கேஜ் பாலிசி. அதில் திருட்டுப் பகுதி கடைக்குள் இருக்கும் சரக்குக்கு மட்டும்தான். உடைத்து நுழைந்த தடயமும் இருக்க வேண்டும். பாலிசியில் இப்படி எழுதியிருந்தால் அதுதான் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2004-ல் சொல்லிவிட்டது. வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

மண்டபம், கோயில், ஆற்றங்கரை என்று சுற்றும் கேமராவுக்கு வேண்டியது 'ஆல் ரிஸ்க்' பாலிசி, அதாவது விலக்கு என்று எழுதியது தவிர மற்ற இழப்புகளுக்கான கவர். அல்லது எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் பாலிசியில் கையோடு கொண்டு போகும் பொருளுக்கான கூடுதல் கவர். எதுவானாலும் ஷெட்யூலில், அதாவது பாலிசியோடு வரும் விவரப் பட்டியலில், 'இடம்' என்ற கட்டத்தைப் பாருங்கள். உங்கள் கடைக் கதவு எண் மட்டும் இருந்தால் அந்தக் காகிதம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு உதவாது. 'இந்தியா முழுவதும்' என்று அச்சில் இருக்க வேண்டும். கேமரா வாங்கும்போது கடையில் சேர்த்து விற்கும் 'புரொடெக்‌ஷன் பிளான்' பெரும்பாலும் கீழே விழுந்து உடைவதற்குத்தான். திருட்டு அதில் உண்டா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல பாலிசியிலும் விலக்குகள் உண்டு. ஆளில்லாத வண்டியில் வைத்துப் போனது, எப்படிப் போனது என்று சொல்ல முடியாத காணாமல் போதல், வாடகைக்குக் கொடுத்து ஆள் திரும்பி வராதது ஆகிய மூன்றும் அடிக்கடி வருபவை. கடைசியைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீசனில் ஒரு ஸ்டுடியோ இன்னொன்றுக்கு லென்ஸ் கொடுப்பது இங்கே சகஜம். நம்பிக் கொடுத்த பொருளைச் சுருட்டிக்கொண்டு போவது சட்டத்தில் திருட்டு அல்ல, நம்பிக்கை மோசடி. பல பாலிசிகள் அதை ஏற்பதில்லை. ட்ரோனையும் பொதுவாக இதில் சேர்ப்பதில்லை, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் பொதுவாகப் பாலிசிகள் தராது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு ஈரம் உறிஞ்சும் டிரை கேபினெட் பெட்டிதான் வழி.

வெள்ளத்தைத் தனியாகக் கேளுங்கள். கடையில் வைத்திருக்கும் பொருளுக்கான தீ பாலிசியில் புயல், வெள்ளப் பகுதியை எடுத்துவிட்டு பிரீமியத்தைக் குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறிய ஊர்க்காரர்கள் நாம். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பணம் குறைவாக வருவதற்குப் பெரிய காரணம் காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போடுவது. அதே தரத்தில் இன்று புதிதாக வாங்க 2,40,000 ஆகும் பாடிக்கு 1,20,000 மட்டும் போட்டிருந்தால், கம்பெனி கணக்கில் பாதிக்குத்தான் காப்பீடு. கீழே விழுந்து 40,000 ரூபாய் ரிப்பேர் என்றால் 20,000-தான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, கழியும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு, அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரியையும் கழிப்பது வழக்கம். பழைய பில் விலையை அல்ல, இன்றைய விலையைப் போடுங்கள்.

ஒவ்வொரு பொருளும் பெயர், மாடல், சீரியல் நம்பரோடு ஷெட்யூலில் வர வேண்டும். 'கேமரா மற்றும் உபகரணங்கள்' என்று ஒரே வரியில் போட்டுக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள். பாடியின் அடியிலும் லென்ஸின் உடலிலும் நம்பர் இருக்கும். பை போன பிறகு பாடி நம்பர் வேண்டுமென்றால் பழைய ஒரிஜினல் படக் கோப்பின் எக்ஸிஃப் தகவலில் (படத்தோடு கேமரா சேர்த்துப் பதியும் விவரம்) பாருங்கள், பெரும்பாலான கேமராக்கள் அதில் பதிவு செய்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அது இருக்காது. செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது பழைய பில்லோடு, விற்றவர் கையெழுத்திட்ட ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரீமியத்தை ஏஜென்ட்டின் சொந்த ஜிபே நம்பருக்குப் போடாதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் வந்து சேராமல் கம்பெனி பொறுப்பு ஏற்க முடியாது. அவர் கையில் பணம் தங்கிய நாளில் பை போனால் சிக்கல் உங்களுக்குத்தான்.

திருடு போனால் அன்றே ஸ்டேஷனுக்குப் போங்கள், கம்பெனிக்கும் அன்றே மெயில் அனுப்புங்கள். ஸ்டேஷனில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள், ஆனால் கிளைமுக்குக் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-வது பிரிவு சொல்கிறது. பொருள் காரைக்காலில் திருடு போய், மயிலாடுதுறையில் புகார் கொடுத்தாலும் எல்லையைக் காட்டி மறுக்க முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். புகாரில் 'காணவில்லை' என்று மொட்டையாக எழுதாமல் எந்த அறை, பை எங்கே இருந்தது, கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்று எழுதுங்கள். தண்ணீரில் நனைந்த கேமராவை ஆன் செய்யாதீர்கள். பேட்டரி, கார்டைக் கழற்றி, போட்டோ எடுத்து, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை பிரிக்காமல் வையுங்கள்.

கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர் அதிகாரி) போகலாம். காரைக்காலுக்கும் அதே அலுவலகம்தான். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அங்கே நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்ட்டுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து இந்த மெயிலை அனுப்பி, பதில் வந்த பிறகே கட்டுங்கள்: "இந்தப் பட்டியலிலுள்ள பொருள்கள் கடைக்கு வெளியே, பூட்டு உடைக்கப்படாமல் திருடு போனால் கிளைம் உண்டா? வண்டியில் இருந்து போனால்? வெள்ளத்தில் நனைந்தால்? எந்த விதியின்படி என்று பாலிசிப் பக்க எண்ணோடு எழுதவும்."