1,240 டாலர் போச்சு: பழைய மேஜிக் கார்டு வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் படியுங்கள்

போன சனிக்கிழமை காலை வரை நான் மூன்று டூயல் லேண்டுக்கு, அதாவது மேஜிக் த கேதரிங் அட்டை விளையாட்டின் விலை கூடிய மூன்று பழைய கார்டுகளுக்குச் சொந்தக்காரன். இப்போது என்னிடம் இருப்பது மூன்று அச்சடித்த அட்டைத் துண்டுகள். கொடுத்தது 1,240 டாலர். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஆறிவிட்டால் வெட்கத்தில் எழுதவே மாட்டேன். என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன், இதில் சிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மேஜிக் த கேதரிங்கில் லெகசி பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1993 முதல் வந்த கார்டுகளில் தடை செய்தவை போக மற்ற எல்லாவற்றையும் வைத்து ஆடலாம், அதுதான் லெகசி. 2004-ல் தனி ஃபார்மட்டாக (ஆட்ட வகையாக) வந்தது. மற்ற கார்டுகளை ஆடத் தேவையான சக்தி மானா, அதைத் தருபவை லேண்ட் கார்டுகள். இரண்டு நிற மானாவை எந்தத் தண்டனையும் இல்லாமல் தரும் பத்து டூயல் லேண்டுகள்தான் இதன் அஸ்திவாரம். போட்டியில் செல்லுபடியாகும் கார்டாக ஆங்கிலத்தில் அவை கடைசியாக வந்தது 1994-ல், வெள்ளை ஓரம் போட்ட ரிவைஸ்டு செட்டில். 1996-ல் மேஜிக்கை வெளியிடும் நிறுவனத்தார் ரிசர்வ்டு லிஸ்ட் என்று ஒன்றை அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவற்றைப் போட்டியில் செல்லுபடியாகும் கார்டாக மறுபடி அச்சடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். பத்து டூயலும் அதில் உண்டு. ஆக, உலகத்தில் இருக்கும் எண்ணிக்கை இனி குறையத்தான் செய்யும், விலை எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் டெக்கில் (ஆடும் கார்டுக் கட்டில்) மற்றதெல்லாம் இருந்தது. ஃபோர்ஸ் ஆஃப் வில் என்ற கார்டு அந்தப் பட்டியலில் இல்லை, பின்னால் மறுபதிப்பு வந்தபோது ஒன்றொன்றாகச் சேர்த்தேன். டெக்கிலிருந்து வேறு லேண்டைத் தேடி எடுக்கும் பொல்யூட்டட் டெல்டா இருந்தது, சாதாரண பேசிக் லேண்டைத் தவிர மற்ற லேண்டை அழிக்கும் வேஸ்ட்லேண்ட் இருந்தது. அண்டர்கிரவுண்ட் சீ என்ற டூயல் மட்டும் இல்லை. அதற்குப் பதில், அதே இரண்டு நிறம் தந்தாலும் உயிர்ப்புள்ளி கேட்கும் வாட்டரி கிரேவ் வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன். டெல்டாவுக்கு ஒரு உயிர்ப்புள்ளி, கிரேவ் உடனே பயன்படும்படி நிமிர்ந்து வர இரண்டு, எதிராளி எதுவும் செய்யாமலேயே முதல் சுற்றில் இருபதிலிருந்து பதினேழுக்கு வந்துவிடுவேன். எத்தனை ஆட்டம் கடைசி ஒன்றிரண்டு புள்ளியில் தோற்றிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த ஆத்திரம்தான் என்னை இங்கே கொண்டுவந்து தள்ளியது.

வாங்கிய இடம் பழைய கார்டுகளை ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் ஒரு இணையக் குழு. கடை இல்லை, இடைத்தரகர் இல்லை. விற்றவர் பெயருக்குக் கீழே இருநூறுக்கும் மேல் நற்சான்று. ‘பத்திரமாக வந்தது’, ‘அருமையான மனிதர்’, இப்படியே வரிசையாக. அவர் கேட்ட விலை சந்தையை விடக் கொஞ்சம்தான் குறைவு. பாதி விலை என்று போட்டிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இப்போது நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆறு நாளாக அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டது மூன்று அண்டர்கிரவுண்ட் சீ, வால்கானிக் ஐலண்ட் என்ற இன்னொரு டூயல் ஒன்று. அவர் உடனே விலை சொல்லவில்லை. “டெக் லிஸ்ட் அனுப்புங்க ப்ரோ” என்றார். அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து, “நாலு வேண்டாம். ரெண்டு சீ, ஒரு வால்கானிக் போதும். மிச்ச இடத்துல ஒரு பேசிக் ஐலண்ட் வைங்க, வேஸ்ட்லேண்ட் அதைத் தொட முடியாது. காசை மிச்சம் பண்ணுங்க” என்று எழுதினார். விற்க வந்தவன் குறைவாக வாங்கச் சொல்கிறான். அதுவும் சரியான யோசனை, ஆட்டம் தெரிந்தவன் சொல்லும் யோசனை. நான்காவது கார்டை எனக்கு விற்காமல் விட்டதுதான் மூன்று கார்டுக்கும் என்னைத் தலையாட்ட வைத்தது. சாமர்த்தியம் என்றால் இதுதான் சாமர்த்தியம், வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் கேட்டதெல்லாம் கிடைத்தது. என் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டோடு கார்டுகளின் படம். பின்னாலிருந்து டார்ச் அடித்து, போலி இல்லை என்று காட்டிய வீடியோ. பின்பக்கத்துப் பச்சைப் புள்ளியை உருப்பெருக்கியில் எடுத்த படம், உள்ளே நான்கு குட்டிச் சிவப்புப் புள்ளிகள் ‘எல்’ எழுத்து போலத் தெளிவாகத் தெரிந்தன, நிஜக் கார்டுக்கு அது ஒரு அடையாளம். நான் கேட்காமலேயே ஒரு கார்டின் குறையையும் காட்டினார்: ஒரு சீயின் கீழ்வலது மூலையில், வெள்ளை ஓரத்தில், பொட்டு அளவுக்கு நீல மசி. “இதனால இதுக்கு இருபது டாலர் குறைச்சுக்கறேன்.” எல்லாம் சேர்த்து 1,240 டாலர்.

பணம் அனுப்பும்போது, வணிகப் பரிவர்த்தனை என்று போட்டால் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள், நண்பருக்கு அனுப்புவதாகப் போட்டால் பிடிக்க மாட்டார்கள் என்றார். எனக்கு அது தெரியாததில்லை. அப்படி அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்பதும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். நாற்பது டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 1,240 டாலரை விட்டேன்.

பதினோராம் நாள் பார்சல் வந்தது. நல்ல கட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் கார்டுகள். திறந்து பார்த்தேன், மணந்தும் பார்த்தேன் (சிரிக்காதீர்கள், பழைய கார்டுக்கு ஒரு வாசனை உண்டு). ரிவைஸ்டு கார்டு என்றாலே நிறம் வெளுத்துத்தான் இருக்கும், அச்சு கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதனால் எதுவும் உறுத்தவில்லை. 2014-க்குப் பிறகு வந்த அரிய கார்டுகளின் அடியில் இருக்கும் ஹோலோகிராம் முத்திரையும் இந்தக் காலத்துக் கார்டுகளில் கிடையாது. உடனே உள்ளுறை போட்டேன், அதற்கு மேல் பின்பக்கம் தெரியாத கறுப்பு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டேன். அவர், “கிடைச்சுதுன்னு குழுவுல ரெண்டு வரி போட்டுடுங்க” என்றார். போட்டேன். ‘பத்திரமாக வந்தது, அருமையான மனிதர்.’ அந்த இருநூற்றுச் சொச்சத்தில் இப்போது என்னுடையதும் ஒன்று.

நீல மசியை நான் தேடிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை போட்டியில் மூன்றாவது சுற்றுக்கு முன் டெக் சோதனைக்கு என் பெட்டியை எடுத்துப் போனார்கள். வழக்கமானதுதான், லிஸ்டும் டெக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் வர வேண்டியது வரவில்லை. நடுவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று கார்டுகளை ஸ்லீவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, கையில் உருப்பெருக்கியைக் கொடுத்தார். “எழுத்தைப் பாருங்கள்” என்றார். நிஜக் கார்டில் எழுத்து தனிக் கறுப்பு மையில் விழும், எவ்வளவு பெரிதாக்கினாலும் முழுக் கறுப்பு, விளிம்பு கத்தி வைத்து நறுக்கியது மாதிரி இருக்கும். பக்கத்தில் என் பழைய வேஸ்ட்லேண்டை வைத்துக் காட்டினார். என் அண்டர்கிரவுண்ட் சீயில் எழுத்து முழுக்கப் பல நிறப் புள்ளிகள், ஓரமெல்லாம் கசிந்து, படத்தோடு படமாக அச்சாகியிருந்தது. யாரோ ஒரு நிஜக் கார்டை ஸ்கேன் செய்து அப்படியே அடித்திருக்கிறான். மூன்றும் அப்படித்தான்.

அதற்கப்புறம் இருபது நிமிடம் என்னிடம் விசாரணை. எங்கே வாங்கினீர்கள், எப்போது, போலி என்று தெரியுமா. அவர் மரியாதையாகத்தான் கேட்டார், அவர் வேலை அது. ஆனால் பத்து வருடமாக ஆடுகிறவன், அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, திருடன் மாதிரி நின்று பதில் சொன்னேன். தெரியாமல் வைத்தது என்று நம்பி, அந்த மூன்று இடத்தில் பேசிக் லேண்ட் போட்டு ஆடச் சொன்னார்கள். ஆடினேன். எதிராளி கையில் வேஸ்ட்லேண்டைப் பிடித்துக்கொண்டு அடிக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். விற்றவர் சொன்ன அறிவுரை அந்த ஒரு விஷயத்தில் பலித்தது.

வீட்டுக்கு வந்து அவர் அனுப்பிய படத்தைத் திறந்து, வந்த கார்டுகளோடு ஒப்பிட்டேன். மசி இல்லை. வால்கானிக்கின் மேல் ஓரத்தில் இருந்த கீறல் இல்லை. டார்ச் வீடியோ, பச்சைப் புள்ளி எல்லாமே நிஜம்தான், ஆனால் எனக்கு வராத கார்டுகளின் நிஜம்.

இனி மழுப்பல் படலம். முதல் நாள்: “உங்க லென்ஸ் சரியில்ல ப்ரோ.” இரண்டாம் நாள்: பேக்கிங் செய்தது தம்பியாம், விசாரித்துச் சொல்கிறாராம். மூன்றாம் நாள் பயணத்தில் இருக்கிறாராம். நான்காம் நாள் குரல் மாறியது: “நான் அனுப்பினது ஒரிஜினல். நீங்க மாத்தி வச்சுட்டு என்கிட்ட வர்றீங்களோ என்னவோ.” 1,240 டாலர் கொடுத்து, போட்டியில் மானம் போய், கடைசியில் திருட்டுப் பட்டமும் எனக்கே. அதன் பிறகு செய்தி போகவில்லை, தடுத்துவிட்டார்.

குழு நிர்வாகிகளிடம் போனேன். “நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம், பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை” என்று விதியைப் படம் பிடித்து அனுப்பினார்கள். விடாமல் கேட்டதும், “கார்டு நன்றாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே?” என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பணம் அனுப்பும் நிறுவனம் இன்று காலை எழுதிய பதில் இன்னும் சுருக்கம்: நண்பருக்கு அனுப்பிய பணம் பாதுகாப்புத் திட்டத்தில் வராது, கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. நண்பராம்.

இன்று மதியம்தான் அந்த இருநூறு நற்சான்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை ஐந்து, பத்து டாலர் கார்டுக்கானவை. அவற்றை ஒழுங்காக அனுப்பித்தான் பெயர் வாங்கியிருக்கிறார். டூயல் வாங்கியதாக எழுதியவர்கள் நான்கே பேர், மூன்று பேரின் கணக்கு ஒரே மாதத்தில் தொடங்கியது. நான்காவது ஆள் நான்.

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, இருப்பதைச் சொல்கிறேன். நண்பருக்கு அனுப்பும் வழியில் அனுப்பாதீர்கள், கட்டணம் போனால் போகட்டும். வந்த கார்டை ஸ்லீவ் போடும் முன் விற்றவர் அனுப்பிய படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். ஒரு உருப்பெருக்கி வாங்குங்கள், எழுத்தைப் பாருங்கள். நற்சான்றை உடனே எழுதாதீர்கள். மேஜிக்கின் மிகப் பழைய பதிப்புகளில் ஒன்றான பீட்டா கார்டு என்று யாராவது கறுப்பு ஸ்லீவில் காட்டினால் வெளியே எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், போட்டியில் செல்லாத, 1993-ன் கலெக்டர்ஸ் எடிஷன் கார்டின் சதுர மூலையை வெட்டி உருட்டி விற்கிறவர்கள் உண்டு, பின்பக்கத்துத் தங்க ஓரம்தான் காட்டிக்கொடுக்கும். டூயலே வேண்டாம் என்றால் பிரீமாடர்ன் என்ற ஃபார்மட் ஆடுங்கள், அது 1995-ன் நான்காம் பதிப்பிலிருந்து 2003-ன் ஸ்கர்ஜ் வரை வந்த செட்டுகளை வைத்து ஆடுவது, டூயல் லேண்டுக்கு அங்கே இடமே இல்லை. இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படத்தில் இருந்த அந்த நிஜக் கார்டுகள் எங்கேயோ இருக்கின்றன, அடுத்த ஆளுக்கும் அதே படம்தான் போகும். ரிவைஸ்டு அண்டர்கிரவுண்ட் சீ, கீழ்வலது மூலையில் வெள்ளை ஓரத்தில் பொட்டு அளவு நீல மசி. யாராவது உங்களுக்கு அந்தப் படத்தை அனுப்பினால், பணம் அனுப்பும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.