படுக்கையிலேயே தலைக்கு ஊற்ற: காற்றுத் தொட்டியா, ரப்பர் விரிப்பா, ஈரத் தொப்பியா?

பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து அம்மா படுக்கையோடு ஆகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது ஆகியவற்றை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிட்ட எனக்கு, நெடுநாள் வரை பிடிபடாமல் இருந்தது தலைக்கு ஊற்றுவதுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து முழுகிப் பழகியவர் அம்மா. பேச்சு குழறினாலும், வெள்ளிக்கிழமை காலையில் “இன்னைக்குத் தலைக்கு இல்லையா?” என்று கேட்பது மட்டும் தெளிவாக வந்துவிடும். முடியை ஒட்ட வெட்டிவிட்டால் வேலை மிச்சம் என்று பலர் சொன்னார்கள். அம்மா சம்மதிக்கவில்லை, தோள்வரை குறைத்துக்கொள்ள மட்டும் ஒப்புக்கொண்டார். ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றில் ரப்பர் விரிப்பைத் தூம்புபோல் சுருட்டி அமைக்கும் பழைய முறையிலேயே கடந்த ஓராண்டாக நிற்கிறேன் என்பதால், இந்த ஒப்பீடு அதன் பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும்.

எந்த வழியானாலும் பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். காதில் பஞ்சு, கண்மேல் மடித்த துணி, ஜன்னல் சாத்திய அறை. தண்ணீரின் சூட்டைச் செயலிழந்த பக்கத்தில் ஊற்றிப் பார்த்துக் கேட்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குச் சூடு உறைக்காமல் போகலாம். முதலில் நம் மணிக்கட்டின் உட்புறத்திலும், பிறகு அவருடைய நல்ல பக்கத்து நெற்றியிலும் பார்த்துக்கொள்வதே சரி.

ஈரத் தொப்பியைப் பற்றி எனக்கு அதிக அனுபவம் இல்லை. மூன்றே முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன். அலசத் தேவையில்லாத ஷாம்பு ஊறிய அந்தத் தொப்பியை லேசாகச் சூடாக்கித் தலையில் மாட்டி, மேலிருந்து சில நிமிடம் பிசைந்துவிட்டு, துண்டால் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களும் அலசத் தேவையில்லாத ஷாம்புவைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால், இது ஏமாற்று வேலை அல்ல. கழுத்தை அசைக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கும், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பவர்களுக்கும், காய்ச்சல் விட்டு எழாத நாட்களுக்கும் இதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கக்கூட மாட்டேன். ஆனால் எண்ணெய் வைத்த தலைக்கு இது போதவில்லை. மறுநாள் காலை சீப்பை வைத்தால் பல்லிடுக்கில் பிசுக்கு வந்தது. அம்மாவும் அதைத் தலைக்கு ஊற்றியதாகவே கணக்கில் கொள்ளவில்லை.

அதனால் உண்மையான போட்டி காற்றுத் தொட்டிக்கும் ரப்பர் விரிப்புக்கும் இடையேதான். நான் முதலில் வாங்கியது தொட்டியைத்தான். காற்றடைத்தால் இரட்டை வளையமாக உப்பி நிற்கும். கழுத்து பதிய ஒரு பள்ளமும், அடியில் ஒரு துளையும், அதிலிருந்து விரல் பருமனில் ஒரு குழாயும் இருக்கும். படத்தில் பார்க்கும்போது இதைவிட எளிய வழி இல்லை என்றுதான் தோன்றும். நான்கு பக்கமும் அணைப்பு இருப்பதால், முதல்முறை செய்கிறவருக்கும் தண்ணீர் சிந்திவிடுமோ என்ற பயம் குறைகிறது. இது பெரிய அனுகூலம் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே முடிவைத் தீர்மானிப்பது, ஊற்றிய தண்ணீர் எந்த வேகத்தில் படுக்கையை விட்டு வெளியேறுகிறது என்பதுதான். ஒருமுறை தலைக்கு ஊற்ற எனக்கு ஏழெட்டு சொம்பு தண்ணீர் ஆகிறது. எங்கள் கட்டில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். கீழே வைக்கும் வாளி ஒரு அடி. மிச்சமிருக்கும் அரையடி வாட்டத்தில், அந்த விரல் பருமக் குழாய் வழியே நுரையும் உதிர்ந்த முடியும் கலந்த தண்ணீர் இறங்க வேண்டும். மூன்றாவது சொம்பிலேயே முடி சுருண்டு துளையை அடைத்துக்கொள்ளும். தொட்டி நிறைய நிறைய, அம்மாவின் பின்னந்தலை அழுக்கு நுரையில் மிதந்துகொண்டிருக்கும். முடியை அலசுவதாக நினைத்து, அந்த அழுக்குத் தண்ணீரிலேயே நாம் மேலும் ஊற்றிக்கொண்டிருப்போம். முடிந்தபின் ஒரு கையால் தலையைத் தாங்கியபடி, பாதி நிறைந்த தொட்டியை மறுகையால் உருவியெடுக்க வேண்டும். காற்றடைத்த சுவர் கைக்கு வளைந்துகொடுக்கும். நான் ஒருத்தியாகச் செய்த ஒரு நாளில் அது ஒருபக்கமாக மடங்கி, தண்ணீர் முழுவதும் அம்மாவின் முதுகுக்கடியில் போய்விட்டது.

அது வெறும் துணி மாற்றும் வேலையோடு முடியவில்லை. இலவம்பஞ்சு மெத்தை நடுவரை ஊறிவிட்டது. மாடியில் போட்டும் மூன்று நாள் வெயில் வேண்டியிருந்தது. அதற்குள் அம்மாவின் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் தோல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்துவிட்டது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டிய சிவப்பு, வெளுக்காமல் அப்படியே நின்றது. படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் அது. ஈரம் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மாற்று மெத்தை கடினமாக இருந்ததும் சேர்ந்திருக்கலாம். ஆயினும் ஊறிய தோல் அழுத்தத்தையும் உராய்வையும் தாங்காது என்பது தெரிந்ததே. முடி சுத்தமாவதற்காக முதுகைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்தான் ரப்பர் விரிப்பைச் சொன்னார். மருத்துவமனைகளில் ‘மெக்கின்டாஷ்’ என்று அழைக்கப்படும் அந்த விரிப்பு, இரண்டு மீட்டர் இருந்தால் தாராளம். செவிலியர் படிப்பில் கற்பிக்கப்படும் ‘கெல்லி பேட்’ என்பதன் வீட்டு வடிவம் இது. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஹோவர்ட் கெல்லியின் பெயரைத் தாங்கிய அந்த ரப்பர் சாதனத்திலும் காற்றடைத்த விளிம்பு உண்டு. ஆனால் அதன் ஒரு பக்கம் திறந்தே இருக்கும், திறந்த வாயிலிருந்து ஒரு மடிப்பு நேராக வாளிக்குள் தொங்கும். இன்றைய காற்றுத் தொட்டி அந்த விளிம்பை வைத்துக்கொண்டு, வாயை மூடி, விரல் நுழையும் துளையாகச் சுருக்கிவிட்டது. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் செய்யும் விதம் இதுதான். அம்மாவைக் குறுக்காக நகர்த்தி, தலை கட்டிலின் பக்கவாட்டு விளிம்புக்கு வருமாறு படுக்க வைக்கிறேன். தோளுக்கடியில் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய தலையணை. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை இறுக்கிச் சுருட்டி லாடம்போல் வளைத்து, வளைவு கழுத்துப் பக்கமும் திறந்த முனைகள் கட்டில் விளிம்புப் பக்கமும் இருக்கும்படி வைத்து, அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, இரு ஓரங்களையும் உள்நோக்கி மடித்துத் துணிக்கிளிப் மாட்டுகிறேன். விரிப்பின் மறுமுனை வாளிக்குள் தொங்குகிறது. கழுத்துக்கும் வளைவுக்கும் நடுவே மடித்த தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை வைத்துவிட்டால் பின்வழியே ஒழுகுவதில்லை. ஊற்றிய தண்ணீர் ஒரு கணம்கூடத் தேங்காமல் அகன்ற வாய் வழியே ஓடிவிடுகிறது. முடி சுருண்டாலும் அடைப்பதற்குத் துளையே இல்லை. கடைசி சொம்பு தெளிந்து விழுவதை வாளியில் கண்ணால் பார்க்க முடிகிறது. முடிந்ததும் விரிப்பை வாளிப்பக்கமாகச் சுருட்டி இழுத்தால் போதும், தூக்க வேண்டிய பாரம் எதுவும் இல்லை.

கழுத்துக்கும் இதுவே நல்லது என்பது என் அனுபவம். தொட்டியின் விளிம்பு உயரம் மாறாதது. அம்மாவின் கழுத்து அதன்மேல் பின்னோக்கி வளைந்து, ஐந்து நிமிடத்தில் முகம் சுளிப்பார். இங்கே சேலையைத் தளர்த்தியோ தலையணையைத் தடித்ததாக மாற்றியோ அவருக்கேற்ற உயரத்தை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் கூன் விழுந்த முதுகுள்ளவர்களுக்கு நான் செய்து பார்த்ததில்லை. அவர்களுக்குத் தொட்டியின் உயரமே தோதாகவும் இருக்கக்கூடும்.

விரிப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறையும் எனக்கு ஓரம் சரிந்து தரையெல்லாம் தண்ணீர் ஆனது, எனவே பழகும்வரை இன்னொருவர் உடன் இருக்க வேண்டும். மின்விசைப் பம்பு உள்ள காற்று மெத்தையில் படுத்திருப்பவர்களுக்கு, தொடங்குமுன் பம்பின் இணைப்பைக் கழற்றி எட்ட வைக்க வேண்டும். சீயக்காய்த் தூளை நேராகப் போட்டால் திப்பி மடிப்புகளில் சிக்கிக் கண்ணுக்கும் போகும். நான் கொதிக்க வைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய சாற்றைத்தான் ஊற்றுகிறேன். பிறகு விரிப்பைச் சோப்பால் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி, மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கும். தொட்டியோ, உள்மடிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கி இரண்டே மாதத்தில் நாற ஆரம்பித்தது.

உலர்த்துவதில் மூன்று வழிக்கும் வேறுபாடு குறைவு. அம்மாவுக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்கும். ஆனால் ஆக்சிஜன் கருவி உள்ள வீட்டில் தணலை அறைக்குள் கொண்டுவரவே கூடாது, மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்குப் புகையும் ஆகாது. காய்ந்த துண்டை இரண்டு முறை மாற்றிச் சுற்றி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் தோள்வரை உள்ள முடி அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. பின்னந்தலை ஈரமாக இருக்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்காமல், அதுவரை ஒருக்களித்தே வைத்திருக்கிறேன்.

தொட்டியைக் கழுவி, எங்கள் தெருவில் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே உயர்த்தி இறக்கும் வசதியுள்ள மருத்துவமனைக் கட்டில் இருக்கிறது, தலைப்பக்கப் பலகையையும் கழற்றிவிடலாம். கட்டிலை முழுதாக உயர்த்தினால் குழாய்க்கு இரண்டடிக்கு மேல் வாட்டம் கிடைக்கிறது. செய்கிறவர்களும் இரண்டு பேர். அவர்களுக்கு அது அடைக்காமல் ஓடுவதாகச் சொல்கிறார்கள்.