எதிர்க்கட்சி எம்.பி.யை எதை வைத்து எடை போடுவது: பேசிய பேச்சையா, போட்ட ஓட்டையா?

எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும் ஒரு எம்.பி. உருப்படியாக வேலை பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள்தான் நம் கையில் இருக்கின்றன. வெளியில் என்ன பேசுகிறார் என்று பார்க்கலாம்: பேட்டி, பொதுக்கூட்டம், எக்ஸ் பதிவு, அவையில் பேசியதை வெட்டி எடுத்துப் போடும் இரண்டு நிமிட வீடியோ. அல்லது மசோதா ஓட்டெடுப்புக்கு வந்த நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினார், ஒன்றையுமே அழுத்தாமல் வெளியே போய்விட்டாரா என்று பார்க்கலாம். எங்கள் தொகுதி எம்.பி.யை நான் இரண்டாவது வழியில்தான் பின்தொடர்கிறேன். அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் அது எங்கெல்லாம் கைகொடுக்காது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் பேச்சு. இதைப் பற்றி ரொம்ப விளக்க வேண்டியதில்லை. தேடிப் போக வேண்டாம், கைபேசிக்கே வந்துவிடும், தமிழிலேயே இருக்கும். ஒரு விஷயத்தில் அவர் நிலைப்பாடு என்ன என்பது ஓட்டெடுப்புக்கு முன்பே தெரிந்துவிடும். இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எதிர்க்கட்சிக்கு அவையில் எண்ணிக்கை பலம் கிடையாது, ஓட்டெடுப்பில் பெரும்பாலும் தோற்கத்தான் போகிறது, அதனால் மக்களிடம் பேசுவதுதான் அதற்கு இருக்கும் பெரிய ஆயுதம். 2020 செப்டம்பரில் வந்த மூன்று வேளாண் சட்டங்களை 2021 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் ரத்து செய்தது எந்த எம்.பி.யும் ஓட்டெடுப்பில் ஜெயித்ததால் இல்லை. டெல்லி எல்லையில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்த விவசாயிகளும், அதைப் பற்றி வெளியே ஓயாமல் நடந்த பேச்சும்தான் காரணம். ஆகவே பேச்சு வெறும் காற்று என்று ஒதுக்க நான் தயாராக இல்லை.

ஆனாலும் நான் ஓட்டுப் பக்கம்தான் சாய்கிறேன். அதற்கு முக்கியக் காரணம் ஒன்றே ஒன்று, வெளிநடப்பு.

அரசியல் சட்டத்தின் 100வது பிரிவின்படி, சாதாரண மசோதா நிறைவேற அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவையில் இருந்து ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். அதாவது எதிர்க்கிறேன் என்று முழங்கிவிட்டு ஒருவர் எழுந்து வெளியே போனால், எதிர்ப்பில் ஒரு ஓட்டு குறைகிறது, அரசு தாண்ட வேண்டிய எண்ணும் இறங்குகிறது. டிவியில் பார்க்கும்போது வெளிநடப்புதான் கோபமாகவும் வீரமாகவும் தெரியும். கணக்கில் அது அரசுக்குச் செய்யும் உதவி.

2012 டிசம்பர் 5 அன்று நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை அனுமதிக்கக் கூடாது என்று அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பாஜகவின் சுஷ்மா சுவராஜ் மக்களவையில் தீர்மானம் கொண்டுவந்தார். சமாஜ்வாதி கட்சியும் பகுஜன் சமாஜ் கட்சியும் அப்போதைய மன்மோகன் சிங் அரசில் இல்லை, வெளியிலிருந்து ஆதரவு தந்துகொண்டிருந்தன. சமாஜ்வாதி தலைவர் முலாயம் சிங் யாதவ் அவையிலேயே எழுந்து அந்நிய முதலீட்டை எதிர்த்துப் பேசினார். சிறு வியாபாரிகள் நசுங்கிப் போவார்கள் என்ற வாதம் விவாதம் முழுக்கக் கேட்டது. ஓட்டெடுப்பு நேரம் வந்ததும் இரண்டு கட்சிகளும் வெளிநடப்பு செய்துவிட்டன. தீர்மானத்துக்கு ஆதரவாக 218, எதிராக 253, ஆக 35 ஓட்டில் தோற்றது. சமாஜ்வாதிக்கு 22 பேர், பகுஜன் சமாஜுக்கு 21 பேர், கூட்டினால் 43. அந்த 43 பேரும் உள்ளே உட்கார்ந்து, தாங்கள் பேசியபடியே ஓட்டுப் போட்டிருந்தால் 261 வந்திருக்கும், அரசு தோற்றிருக்கும். இரண்டு நாள் கழித்து மாநிலங்களவைக்கு அதே விஷயம் வந்தபோது பகுஜன் சமாஜ் நேரடியாக அரசுக்கே ஓட்டுப் போட்டது, சமாஜ்வாதி மறுபடியும் வெளியே போனது.

நம்மூர் உதாரணமும் அதே நாளில் இருக்கிறது. அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த திமுக, அந்நிய முதலீட்டை வெளியில் எதிர்த்துக்கொண்டே, பாஜகவுக்கு வழிவிடக் கூடாது என்று காரணம் சொல்லி அரசுக்கு ஓட்டளித்தது. அந்தக் காரணத்தை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் ஓட்டு பெயரோடு பதிவாகியிருக்கிறது, அதை வைத்து நேராகக் கேள்வி கேட்க முடியும். வெளிநடப்பு செய்தவரிடம் அப்படிக் கேட்டால், நாங்கள்தான் எதிர்த்தோமே, பேச்சைக் கேட்கவில்லையா என்று பதில் வரும்.

2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99க்கு 84 என்று நிறைவேறியது. 240 பேருக்கு மேல் இருந்த அவையில் 99 ஓட்டு எப்படிப் போதுமானது? பாஜக கூட்டணியிலேயே இருந்த அதிமுகவும் ஐக்கிய ஜனதா தளமும் மசோதாவை ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளிநடப்பு செய்தன. பகுஜன் சமாஜும் தெலங்கானா ராஷ்டிர சமிதியும் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. காங்கிரஸ் உட்பட மற்ற எதிர்க்கட்சிகளிலும் சிலர் அன்று அவைக்கே வரவில்லை. அதிமுக விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து நாள் முன்பு மக்களவையில் அந்தக் கட்சியின் ஒரே உறுப்பினர் இதே மசோதாவை ஆதரித்துப் பேசியிருந்தார். இரண்டு பேச்சையும் வீடியோவாகப் பார்த்திருந்தால் கட்சி எந்தப் பக்கம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். 99, 84 என்ற இரண்டு எண்ணையும், அந்தப் பட்டியல்களில் யார் பெயர் இல்லை என்பதையும் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது, அவையின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேலும் ஆதரவு வேண்டும். அங்கே வெளிநடப்பு அந்த அளவுக்கு அரசுக்கு உதவாது. ஆனால் வேறொரு விதத்தில் நம்மைக் குழப்பும். ஜிஎஸ்டிக்கான திருத்தம் 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியபோது எதிர்ப்பு ஓட்டு பூஜ்யம். 203 பேர் ஆதரவு, ஒருவர்கூட எதிர்ப்பு இல்லை. தமிழ்நாட்டு வருவாய் பாதிக்கும் என்று ஜெயலலிதா கடுமையாக எதிர்த்துவந்த மசோதா அது. அதிமுக வெளிநடப்பு செய்ததால் எதிர்ப்புப் பட்டியலில் அந்த எதிர்ப்புக்கு அடையாளமே இல்லை. பின்னால் வந்து பார்ப்பவருக்கு நாடே ஒருமனதாக ஒத்துக்கொண்ட மாதிரி தெரியும்.

எல்லா வெளிநடப்பும் கண்துடைப்பு என்று நான் சொல்லவில்லை. பேச நேரம் தரவில்லை, திருத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அவையில் உட்கார்ந்து அந்த நடைமுறைக்கே அங்கீகாரம் கொடுப்பதில் அர்த்தமில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓட்டு இழுபறியாக இருக்கும் நாளில் வெளியே போனவரிடம் நான் காரணம் கேட்பேன். தோல்வி நிச்சயம் என்று தெரிந்த நாளில் வெளியே போனவரை அந்த அளவுக்குத் துளைக்க மாட்டேன்.

சரி, ஓட்டுப் பதிவை நம்புவதில் இரண்டு பெரிய இடைஞ்சல்கள் இருக்கின்றன, அவற்றை மறைக்கக் கூடாது.

முதலாவது, பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆம் என்போர், இல்லை என்போர் என்று சத்தம் கேட்டு முடித்துவிட்டால் யார் பெயரும் எங்கேயும் பதிவாகாது. டிவிஷன், அதாவது எண்ணி நடத்தும் ஓட்டெடுப்பு கேட்டு, பொத்தான் அழுத்தினால்தான் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று யார் எந்தப் பக்கம் என்பதற்கு ஓட்டுப் பதிவில் ஒன்றுமே கிடையாது, பேச்சையும் அவைக் குறிப்பையும்தான் நம்ப வேண்டும். இந்த இடத்தில் முதல் வழி ஜெயிக்கிறது.

இரண்டாவது, கொறடா, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று தன் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர். 1985இல் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும், அனுமதி இல்லாமல் ஓட்டெடுப்புக்கு வராமல் இருந்தாலும், பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னித்தால் தவிர பதவிக்கே ஆபத்து. அதனால் ஓட்டு என்பது பெரும்பாலும் கட்சியின் முடிவு. எங்கள் எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்றால் அவர் கட்சி எதிர்த்தது என்றுதான் அர்த்தம், அவர் மனதில் என்ன இருந்தது என்று தெரியாது. எப்போதாவதுதான் இந்தப் பூட்டு திறக்கும். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது, எதிர்ப்போம் என்று சொல்லிவந்த பிஜு ஜனதா தளம் கடைசி நேரத்தில் கொறடா உத்தரவு இல்லை, மனசாட்சிப்படி ஓட்டளிக்கலாம் என்றது. நள்ளிரவு தாண்டி நடந்த ஓட்டெடுப்பில் 128க்கு 95 என்று மசோதா நிறைவேறியது. அப்படிப்பட்ட ஒரு நாளில் ஒரு எம்.பி. என்ன செய்தார் என்பது பத்து பேட்டிகளை விட எனக்கு முக்கியம்.

ஆகவே தனி மனிதராக அவரை எடை போட ஓட்டோடு சேர்த்து வேறு சிலவற்றையும் பார்க்கிறேன். மசோதாவுக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்தாரா? அந்தத் திருத்தத்துக்கு டிவிஷன் கேட்டாரா, அல்லது அவைத் தலைவர் பெயரைக் கூப்பிட்டபோது வலியுறுத்தவில்லை என்று விட்டுவிட்டாரா? மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் குழுவில் இருந்தால் மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதினாரா? இதிலெல்லாம் உழைப்பு இருக்கிறது, உட்கார்ந்து படித்தால்தான் எழுத முடியும். எண்ணிக்கை இருந்தால் இவை சும்மா சடங்காகவும் நின்றுவிடாது. 2015 மார்ச் 3 அன்று, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தில், ஊழலையும் கறுப்புப் பணத்தையும் பற்றி மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தம் 118க்கு 57 என்று மாநிலங்களவையில் ஜெயித்தது. திருத்தத்தைத் திரும்பப் பெறும்படி அரசுத் தரப்பு கேட்டும் அவர் விட்டுக்கொடுக்காமல் ஓட்டெடுப்பு வரை கொண்டுபோனதால் கிடைத்த பதிவு அது.

அதே வருடம் ஏப்ரல் 24 அன்று திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) ஒரு அவையைத் தாண்டுவது நம் நாடாளுமன்றத்தில் அபூர்வத்திலும் அபூர்வம். திரும்பப் பெறச் சொல்லி அரசு கேட்டுக்கொண்டும் அவர் பின்வாங்கவில்லை. அது மக்களவையைத் தாண்டிச் சட்டமாகவில்லை என்பது உண்மைதான், 2019இல் வந்த சட்டம் அரசின் தனி மசோதா. ஆனால் எதிர்க்கட்சியில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்பவர்களிடம் நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

வருகைப் பதிவு, கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை, கலந்துகொண்ட விவாதங்கள் எல்லாம் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் எம்.பி. வாரியாகக் கிடைக்கின்றன. தேர்தல் நேரத்தில் எல்லோரும் பகிர்வது அதைத்தான். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வருகை என்பது அன்று வந்தார் என்பதற்கான பதிவு மட்டும்தான், காலையில் பதிந்துவிட்டுப் போனவர் ராத்திரி ஓட்டெடுப்புக்கு இருந்தாரா என்று அது சொல்லாது. கேள்விகளிலும் பல, பதில் ஏற்கெனவே அரசு இணையதளத்தில் கிடக்கும் கேள்விகள். மோசமான எம்.பி.யை அடையாளம் காண அது உதவும், நல்ல எம்.பி.யை அடையாளம் காண உதவாது என்பது என் எண்ணம்.

ஓட்டுப் பதிவைத் தேடுவது கொஞ்சம் அலுப்பான வேலைதான். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அந்தந்த நாளின் அவை விவாதத்தைத் திறந்து, மசோதா நிறைவேறிய இடத்துக்குப் போனால், டிவிஷன் நடந்திருந்தால் ஆதரித்தவர் பெயர்களும் எதிர்த்தவர் பெயர்களும் வரிசையாக இருக்கும். கீழே வரும் குறிப்புகளையும் விடாமல் பாருங்கள். பொத்தானைத் தவறாக அழுத்தியவர்களும், இயந்திரம் பதிவு செய்யாதவர்களும் சீட்டு எழுதிக் கொடுத்துத் திருத்தியிருப்பார்கள். டிவியில் முதலில் வரும் எண்ணும் கடைசி எண்ணும் வேறுபடுவது இதனால்தான். பேச்சு வீடியோ மாலையே எல்லோர் கைக்கும் வந்துவிடுகிறது. வக்ஃப் மசோதா மாதிரி ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும் ஓட்டெடுப்பின் பெயர்ப் பட்டியலை அடுத்த நாள் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த இடைவெளி தெரிந்துதான் சிலர் பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எம்.பி.க்கள் பற்றித்தான். எம்.எல்.ஏ.க்களை இந்த முறையில் எடை போட்டு எனக்குப் பெரிய அனுபவம் இல்லை, நம் சட்டமன்றத்தில் எண்ணி நடத்தும் ஓட்டெடுப்பே அரிது. நடந்தாலும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை ஓட்டெடுப்பில் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று ஜெயித்தார். எதிர்த்த 11 பேரும் ஓ.பன்னீர்செல்வம் அணி. திமுக உறுப்பினர்கள் காவலர்களால் வெளியேற்றப்பட்டிருந்தார்கள், காங்கிரஸ் தானாக வெளிநடப்பு செய்திருந்தது. வெளியே தள்ளப்பட்டவரும் தானே வெளியே போனவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அங்கே அன்றைய நடவடிக்கையை முழுக்கப் படித்தால்தான் யார் என்ன செய்தார் என்பது பிடிபடும்.